வந்த வழி

ஏழு குப்பத்திலும் ஒரே நேரத்தில் சங்கு ஊத வேண்டும்.
ஆறில் ஊதியது.
சோதிக்குப்பம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மஞ்சக்குப்பத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து
ஷகிலா போனில் சொல்கிறாள்:
"நான் அனுப்பிட்டேன். எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே தடவை.
உன் ஊர் மட்டும் ஏன்டி செவிடு?"
நிறுத்தாதே, அனுப்பிக்கொண்டே இரு என்றேன்.

ஐஸ் கம்பெனியின் பின்னறை.
அமோனியா வாடை, ஈரச் சாக்கு,
சுவரில் அறைந்த இரும்புப் பெட்டிக்குள்
பச்சைக் கண் சிமிட்டும் ரவுட்டர்.
கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து
லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டேன்.
கதவோரம் தேசிங்கு அண்ணன்,
பற்றவைக்காத பீடியோடு.

முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
எல்லாரும் அதைத்தான் முதலில் செய்கிறோம்.

பிறகு எண்ணிக்கையைப் பார்த்தேன்.
குரல் வந்திருக்கிறது.
ஒரு துணுக்குக் குறையாமல் வந்திருக்கிறது.
வாசற்படி வரை வந்ததை
ஒவ்வொன்றாகக் கீழே போட்டிருக்கிறது இந்தப் பெட்டி.
நாலாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

ஒருவருக்கு மட்டுமான சேதி என்றால்
எங்கே போகிறாய் என்று கேட்டு அனுப்பிவிடும்.
பலருக்கும் பொதுவான குரல் என்றால்
எங்கிருந்து வந்தாய், எந்த வாசல் வழியாக,
அதுதான் முதல் கேள்வி.
மஞ்சக்குப்பத்துக்கு நான் ஃபைபரில் போவேன்,
அங்கிருந்து வருகிறவனும் ஃபைபரில்தானே வரணும்?
நீ ஏன் மொட்டைமாடி ரேடியோவிலிருந்து இறங்குகிறாய்?
விழு.

அதன் சந்தேகத்தில் நியாயம் உண்டு.
போன குரலே சுற்றிக்கொண்டு திரும்ப நுழைந்தால்
ஒரு சங்கு நூறு சங்காகிவிடும்.
ஆனால் ஃபைபர் வழியில் உள்ள பெட்டிகள்
பொதுக்குரலைக் கடத்தாதவை.
டெண்டரில் அது எழுதப்படவில்லை.
கெடிலத்தைத் தாண்ட அதற்குக் காற்று மட்டும்தான்.

காலையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில்
எனக்கும் இதே கேள்வி.
பாகூர்க்காரி நான்.
புதுச்சேரிப் பக்கமிருந்து வந்தால் பையைத் திறக்க வேண்டும்.
சாயங்காலம் அதே பை, அதே நான்,
அந்தப் பக்கம் போகும்போது ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.
இன்றைக்குப் புது ஏட்டு.
கிரிம்பிங் கருவியைத் தூக்கிப் பிடித்து இது என்னம்மா என்றார்.
தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தார்.
எங்கே போற என்று கேட்கவேயில்லை.

தட்டுகிறேன்.
ஐபி எம்ரூட்.
பத்து, இருபது, நான்கு, ஒன்பது.
முப்பத்திரண்டு பிட்டும் பொருந்த வேண்டும்,
பக்கத்து முகவரிக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது.
ரேடியோ பக்கமிருந்து எதிர்பார்.
எதையும் எங்கேயும் அனுப்புகிற வழி இல்லை இது,
பெயர்தான் வழி.
இன்னார் இந்தப் பக்கமாகத்தான் வருவார், விடு
என்று காவல்காரன் காதில் சொல்லிவைக்கிற ஒற்றை வரி.

என்டர்.

ஆறாயிரத்து எட்டு.
அதிலேயே நின்றது.

கம்பத்தின் மேல் நாலு குழாயும் ஒருமுறை இருமின.
பிறகு ஷகிலா, ஊரைவிடப் பெரிதாக:
"இது ஒத்திகை. இது ஒத்திகை மட்டுமே."
வலைமேல் படுத்திருந்த நாய் எழுந்து
கடலைப் பார்த்துக் குரைத்தது.
குரல் வந்ததென்னவோ அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"இம்மாஞ் சத்தமா?" என்றார் தேசிங்கு அண்ணன்.
"ராத்திரில போடாதீங்க, புள்ளைங்க தூங்கும்."
நான் வாயைத் திறப்பதற்குள் அவரே,
"இல்ல, போடுங்க."

சேமித்தேன். இரண்டு முறை.

கையால் எழுதின வழிக்குத் தானாக ஒன்றும் தெரியாது.
நாளைக்கு யாரோ ஃபைபரைச் சரிசெய்து
குரல் அந்தப் பக்கமாக ஓடிவந்து நின்றாலும்
நான் சொன்ன சொல்லுக்காகவே கீழே போடும்.
அப்போது நான் எங்கே இருப்பேனோ.

ஐஸ் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
குரல் வரும் பக்கம் மாறினால்
முதலில் இந்த வரியை அழிக்கவும்.
கு. அஞ்சலாட்சி.

பெட்டிக்கதவின் உட்புறம் ஒரே ஈரம்,
செல்லோடேப் பிடிக்கவில்லை.
கறுப்பு இன்சுலேஷன் டேப்பால்
நாலு மூலையும் அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.