மைக்கின் மேல் தொப்பி

டேட்டன், ஒஹையோ. எழுபத்திரண்டு பிப்ரவரி.
வாசலில் உப்புத் தூவிய பனி
காலணியோடு ஸ்டூடியோவுக்குள் வந்து கரைந்தது.
டேப் மாற்றுவது என் வேலை.

லெமுவல் டார்டன் வந்தார்,
வாயைத் திறந்தால் காசு கொட்டும் ஆள்.
தொப்பியைக் கழற்றி மைக்கின் மேல் மாட்டினார்.
"இதுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார்.
கம்பெனிக்காரர் சிரித்தார்.
மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

வீட்டைவிட்டுப் போகுமுன் ஆர்டீலியா
அவருடைய ஏழு ஆல்பங்களையும் உட்கார்ந்து கேட்டாளாம்,
பென்சிலும் மளிகைச் சீட்டுமாக.
'கண்ணே' என்று நானூற்றுப் பன்னிரண்டு தடவை.
"இதில் எது நான்?"
எங்களிடம் அவர் இதைச் சொல்லவில்லை.
பேஸ் வாசிக்கும் வெர்டெல்லிடம் சொன்னார்.
வெர்டெல் அதை வாசித்தான்:

அடிவயிற்றுக்குள் யாரோ
பீரோவை நகர்த்துவதுபோல் ஐந்து சுரம்,
ஒவ்வொரு சுற்றிலும் கடைசிச் சுரத்தை மட்டும்
கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு.
ஜூனெட்டாவின் டிரம்ஸ் அதை வட்டியோடு கேட்டது.
கிட்டாரின் கால்மிதிக்கு வா-வா என்று பெயர்.
இரவெல்லாம் கூப்பிட்டது.
யாரும் வரவில்லை.

லெமுவல் ஆர்கனில் உட்கார்ந்தார்.
சுழலும் ஒலிப்பெட்டிக்குள்
ஊதா நிறம் ஒன்று தலைசுற்றி விழுந்தது.
எதிரொலி இன்னும், இன்னும் என்றார்.
சிம்பலைப் பின்னோக்கி ஓடவிடச் சொன்னார்.
அறையெங்கும் இறைந்து கிடந்த ஓசை
பொறுக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்து
அடித்த கோலுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது.
சொன்னதையும் இப்படி வாங்கிவிட முடியுமா என்பதுபோல்
சுழலும் நாடாவையே பார்த்து நின்றார்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு
(பாட்டு என்று சொல்லலாமா, தெரியவில்லை)
ஏழாம் நிமிடத்தில் எல்லா வாத்தியமும் ஒருகணம் விலகும்.
அங்கே ஒரு மூச்சு.
உள்ளே இழுத்தது. வெளியே வரவில்லை.
தொப்பியைத் தாண்டி எப்படியோ விழுந்துவிட்டது.
உடனே ஜூனெட்டா இறங்கிவிட்டாள்.

முந்நூறு விற்றது. மிச்சம் கிடங்கில்.
வாங்கியவர்கள் அந்த மூச்சுக்கு உரை எழுதினார்கள்:
பாட வந்து விழுங்கியது. போர். துக்கம்.
ஒருவர் கடவுள் என்றுகூட.

மே மாதம் ஆர்டீலியா வந்தாள்.
காரின் மாற்றுச் சாவி
அவர் விட்டுப்போன கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க.
பைகளைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.
அந்த இடத்தில் கை நின்றது.
"பாட்டுமில்லை, மண்ணுமில்லை.
அவனுக்குத் தும்மல் வருது.
அந்த ஆர்கனைத் தூசி தட்டு, தட்டுன்னு
எத்தனை வருஷமாச் சொல்றேன்."

சாவி கிடைத்தது.
போகவில்லை.
"கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றாள்.
ஓட்டினேன்.
"இன்னும் கொஞ்சம்."