நாற்பத்து மூன்றில் ஒரு கூர்

திரியெஸ்தே நகருக்கு மேலே, சுண்ணாம்பு மேட்டில்,
போரா காற்று வீசும் மூன்றாம் இரவு.
வெளியே குப்பைத்தொட்டிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன.
உள்ளே, எஃகுக் குழாய்க்குள்,
காற்றே இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.
அழுத்தமானி ஒப்பவில்லை.

"ஓட்டை" என்றேன்.
"என் பற்றவைப்பில் ஓட்டை கிடையாது" என்றான் ரதோவன்,
ஹீலியம் துப்பாக்கியை இடுப்பில் செருகியபடி.
சரி, அதனிடமே கேட்போம்,
என் கையளவு நால்முனையிடம்.

சிவக்கச் சூடேறிய ஓர் இழை.
அதிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்
வழிப்போகும் மூலக்கூறை இடித்து
இன்னோர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும்.
பறிகொடுத்தவன் இப்போது அயனி.
அவன் முன்னால் நான்கு கோல்கள்.

எதிரெதிர்க் கோல்கள் ஒரு கட்சி.
ஒரு சோடிக்கு நேர், மறு சோடிக்கு எதிர்,
அதன்மேல் நொடிக்கு இருபது லட்சம் முறை
பேச்சை மாற்றும் ஓர் அலை:
வா, போ, வா, போ.
இலேசானவன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆடுவான்;
ஆட்டம் பெருகி நேர்ச் சோடியில் முட்டிச் சாவான்.
கனத்தவன் காதில் அலையின் பேச்சு ஏறாது;
மாறாத இழுப்பு மெல்ல மெல்ல இழுக்க
எதிர்ச் சோடியில் சாய்வான்.
நடுவில் ஒரே ஓர் எடை,
குடித்தவன் குறுகிய சந்தைக் கடப்பதுபோல்,
தள்ளாடித் தள்ளாடி
சுவரைத் தொடாமல் மறுமுனை சேர்கிறது.
அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டு: அடுத்த எடையின் முறை.

எடை என்றா சொன்னேன்? எடையை மின்சுமையால் வகுத்தது.
இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆர்கான்
நாற்பதை மறைத்து இருபதில் வந்து நிற்கும். ஏமாறாதே.

திரையில் கூர்கள் முளைத்தன.
இரண்டு: எஃகுக்குள்ளிருந்து கசியும் ஹைட்ரஜன்.
பதினெட்டு: தண்ணீர், விருந்துக்கு வந்து போகாதவர்.
இருபத்தெட்டு உயரமாய் நின்றது.
"பார், நைட்ரஜன். காற்றேதான்!"
ரதோவன் பேசாமல் முப்பத்திரண்டைத் தொட்டுக் காட்டினான்.
காற்றென்றால் அங்கே ஏறத்தாழ கால்பங்கு ஆக்சிஜன் நிற்கவேண்டும்.
வெறுந்தரை.
அப்படியும் தூவினான் ஹீலியத்தை,
எனக்காக, முறைத்துக்கொண்டே, அறுபத்திரண்டு இணைப்புகளிலும்.
நான்கில் அசைவே இல்லை.

அப்புறம்தான் வலப்பக்கம் பார்த்தேன்.
நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று,
ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு.
பதினான்கு பதினான்காய் ஏறும்
உடைந்த கொழுப்பின் படிக்கட்டு.
எங்கள் பம்புகளில் எண்ணெயே கிடையாது.
தோல்.

செவ்வாய்க்கிழமை. ஆறாவது அறை திறந்திருந்தது.
மருத்துவமனையிலிருந்து போன்.
தொடுதிரைக்கு ஆகாதென்று வலதுகை உறையை உருவினேன்.
"கட்டி தீங்கற்றது, சிஞ்ஞோரா" என்றது குரல்.
சாய ஏதாவது வேண்டியிருந்தது.
விளிம்பின் உள்வளையம் ஜில்லென்றிருந்தது, நினைவிருக்கிறது.

எவ்வளவு மெல்லிய பூச்சு!
மூன்று இரவாக அது கோடி கோடியாய் எழும்பி,
உடைந்து, நான்கு கோல் நடுவே தள்ளாடி வந்து
என்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சூட்டுப் பட்டைகளைச் சுற்றினோம். நூற்றைம்பது டிகிரி, இரண்டு நாள்.
முதல் மணிநேரம் எல்லாக் கூர்களும் ஏறின,
இறங்குவதற்கு முன் அப்படித்தான்.
பதிவேட்டில் "காரணம்" என்ற கட்டம்.
பேனா கொஞ்சம் நின்றது.
"கட்டைவிரல். என்னுடையது. நேவியா."

ரதோவன் படித்தான். எதுவும் கேட்கவில்லை.
அடியில் "பற்றவைப்பு: நன்று" என்று எழுதி,
இரண்டுமுறை அடிக்கோடிட்டான்.