அரைப்பேர்

அட்டன் சந்துக்குள் முலாம் பூசும் பட்டறை.
துருப்பிடித்து வருகிற பம்பர்கள்
முகம் பார்க்கலாம் போலத் திரும்பிப் போகும்.
கழுவிய தண்ணீர் மட்டும்
பின்சுவர்க் குழாயால் இறங்கும்,
மஞ்சளாக,
பனிமூட்டத்துக்குள் ஓடை எங்கே என்று
அதற்குத் தெரியும்.

குரோமியம் என்றாள் திலகேஸ்வரி.
எனக்கு முன்பே பழக்கம், பெயர்தான் தெரியாது.
விரலிடுக்கில் மிளகளவு ஓட்டை.
வலிக்காது. ஆறவும் ஆறாது.

அவள் கேட்டது தேத்தண்ணிச் சக்கை.
பஸ் நிலையத்துக் கடை, ஆஸ்பத்திரி கன்டீன்,
ஸ்டேஷனுக்கு எதிரே முனியப்பன் கடை,
உரப்பையில் அள்ளி வந்தேன்.
ஏழு தரம் அவித்தோம்.
எட்டாம் தரம் வெறுந்தண்ணீர் வடிந்தது.
சாயம் போய் மணம் போய் விலையும் போய்
நாக்குக்கு எட்டாத ஒரு துவர்ப்பு
அடியில் மிச்சம்.
அதுதான் வேண்டும் என்றாள்.

பிவிசி குழாயை நிமிர்த்திக் கட்டி
சக்கையை இடித்து அடைத்தோம்.
மேலே மஞ்சளை ஊற்றிவிட்டுக்
கீழே போத்தலோடு குந்தியிருந்தோம்.
சொட்டு
விழுந்தது.
மழைத்தண்ணி மாதிரி.
கை நீட்டினேன், தட்டிவிட்டாள்:
"கண்ணுக்குத் தெரியிறது வேற,
உள்ள இருக்கிறது வேற."

பேராதனைக்கு அனுப்பிய போத்தலுக்கு
பத்து நாள் கழித்துக் கடுதாசி வந்தது:
நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பிடித்திருக்கிறதாம்.
"அரைப்பேர்தான் போட்டிருக்காங்க" என்றேன்.
நேற்று என் தங்கச்சிக்கும் அதேதான்,
இரண்டு கிலோ குறைந்ததற்கு.
திலகேஸ்வரி சிரிக்கவில்லை.
இன்னொரு குழாயை எடுத்து
முதலாவதன் கீழே கட்டினாள்.

சக்கை கறுத்துக் கனத்தது.
"நல்ல உரமாச்சே,
மேல்டிவிசனுக்குக் குடுத்தா காசு" என்றார் முதலாளி.
அது நஞ்சைத் தின்றுவிடவில்லை, முதலாளி.
பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
பிடித்ததைக் கொண்டுபோய்
தேயிலை மரத்துக் காலடியில் இறக்கினால்
அங்கே நிற்கிறவள் யார்?
இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை.
நீலப் பீப்பாயில் கொட்டி மூடி இறுக்கினேன்.
சிவப்பு பெயின்ட்டில், தமிழிலும்
மல்காந்தியிடம் எழுத்துக் கேட்டுச் சிங்களத்திலும்
பெரிதாக எழுதினேன்:
தேயிலை அல்ல.

இப்போது ஆறு பீப்பாய்.
ஏற்றிப்போக வருவதாகச் சொன்ன லொறி
எந்த வளைவில் நிற்கிறதோ.
இரண்டாவது குழாய் சொட்டத் தொடங்கிவிட்டது.
போத்தல் மாற்ற வேண்டும்.