மூலை உடைந்த கலம்

"நாளைக்குக் கலம் ஒண்டு செய்துகொண்டு போகவேணும்."
ஞாயிறு இரவு எட்டரைக்குச் சொல்கிறாள் அன்சலா.
படகுப் பதிவுத் தாளிலும் அதே சொல்தான்,
ஒரு கணம் பயந்துபோனேன்.

குருநகரில் அந்நேரம் கடைகள் பூட்டு.
வீட்டில் கிடந்தது ரெஜிபோம் மீன்பெட்டி,
மூலை உடைந்தது.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.
அது கலச்சுவர்.
லஞ்சீற் உள்ளே ஒட்டினோம், மென்சவ்வு.
இழைமணிக்குக் கச்சான்.
பச்சையவுருமணிக்கு
தாயின் சட்டையில் நாலு பொத்தான்
(அவளுக்கு இன்னும் தெரியாது).
புன்வெற்றிடம் பெரிசாய் இருக்கவேணுமாம்,
ஐஸ்பக்கற் பையில் தண்ணீர் கட்டினோம்.
கருதான் இல்லை.
பிறகு வலையில் அறுந்த மிதப்பு ஒன்று
கட்டிலுக்குக் கீழிருந்து உருண்டு வந்தது.

"சவ்வு எல்லாத்தையும் உள்ள விடாதப்பா.
பாத்துப் பாத்துத்தான் விடும்."
"சென்றி மாதிரியோ?"
"சென்றி எண்டா?"

பசை காயட்டும், படு என்றேன்.

காலையில் சைக்கிள் கரியரில்
கலத்தைக் கட்டிக்கொண்டு போகிறாள்.
பின்னால் இரண்டு பூனை.
சுவரையும் தாண்டி,
சவ்வையும் கேளாமல்
ஒழுங்கை முழுக்கச்
சூடை மணம்.