தலைக்கணக்கு

பாவ அறிக்கையின்போதுதான் எண்ணுவேன்.
எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள்,
ஒருவரும் நகர மாட்டார்கள்.
அதனால் பதினோரு வருஷமாக
என் பாவத்தை நான் சொல்லவில்லை.

கடலூர் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன்.
யூரியா மூட்டை, கோதுமை மூட்டை,
தோணியிலிருந்து இறங்க இறங்கக் கோடு போடுவேன்,
நாலு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்கே.
முதுநகர்ச் சபையில் இன்றும்
டாலி தாசையா என்றால்தான் தெரியும்.

பதிவேட்டில் ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம்.
பிள்ளைகள் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு.
கண்ணாடி அறை வந்தபின்
அதில் ஒரு சிறு கோடு கிழித்துவிடுவேன்.

மலேசியாவிலிருந்து யாரோ பணம் அனுப்பிக் கட்டிய அறை.
ஞாபகார்த்தக் கல் ஜன்னலைவிடப் பெரிது.
ஐந்து வயதுக்குள் பிள்ளை வைத்திருப்போர்
உள்ளே உட்கார்ந்து ஸ்பீக்கரில் ஆராதிக்கலாம்.
கமிட்டியில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.
பிரசங்கம் காதில் விழ வேண்டாமா என்று கேட்டேன்,
பாதி ஞாயிறு பிரசங்கத்தில் தூங்குகிறவன்.

பிரின்சிலா ஒருநாள் சொன்னாள்:
"அண்ணே, உள்ள இருந்து பாத்தா
நீங்கதான் கண்ணாடிக்குள்ள இருக்கீங்க.
வாய் மட்டும் அசையுது."

கார்த்திகையில் ஒரு ஞாயிறு.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
கரண்ட் போயிற்று. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
கண்ணாடி அறை புழுங்கியது.
ஐயர் பாவ அறிக்கை தொடங்கி
சபை மண்டியிட்ட நேரம் கதவு திறந்தது.

கீச்.
கீச், கீச்.
மிதித்தால் சத்தமிடும் செருப்பு, ஒரு காலில் மட்டும்.
கெத்சியா, பிரின்சிலாவின் இரண்டாவது, மூன்று வயது.
பின்னால் இன்னும் ஏழெட்டு.

சபை முழுவதும் அவள் உயரத்துக்கு வந்திருந்தது.
இதற்குமுன் அவள் அப்படிக் கண்டதில்லை.
ஒவ்வொரு முகத்துக்கும் நேராக நின்று பார்த்தாள்,
கண்ணாமூச்சிதான் என்று.
திறந்த கண் என்னுடையது மட்டும்.
"என்ன பண்றீங்க?"
"எண்றேன்."
"நானும்."

ஒண்ணு என்று டாக்டர் ஞானசிகாமணியின்
வழுக்கையைத் தட்டினாள்.
ரெண்டு, அஞ்சு, பத்து, மறுபடி அஞ்சு.
தபித்தாள் தலைக்கு மட்டும் எண் சொல்லவில்லை.
கை வைத்தபடியே நின்றுவிட்டாள்.
ஆடியில் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோனபின்
அந்தத் தலையில் யார் கை பட்டிருக்கும்?
தபித்தாள் கண் திறக்காமலே
அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டாள்.
எழுந்து நிற்கிற பாட்டு வந்தபோதும் விடவில்லை.

டாக்டர் திரும்பி என்னை முறைத்தார்,
நான்தான் அனுப்பிவைத்தேன் என்பதுபோல.

எனக்கு அந்தப் புல்தரை ஞாபகம் வந்தது.
மாலை நேரம், பசி, ஐயாயிரம் ஆண்கள் என்று
கணக்கெடுத்தவன் என்னைப்போல ஒரு டாலி கிளார்க்காக இருப்பான்.
ஐந்து அப்பம் கொண்டுவந்த பையனையே
எண்ணாமல் விட்டிருக்கிறான்.
கூடையைப் பார்த்தான். நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் வந்தது.
கண்ணாடி அறை ஸ்பீக்கர்
வெறும் நாற்காலிகளுக்குப் பிரசங்கித்தது.
யாரும் எழுந்து போகவில்லை.
அடுத்த வாரம் சிலர் போனார்கள்.
டாக்டர் கடிதம் கொடுத்திருக்கிறார், கமிட்டியில் கிடக்கிறது.
அறைக் கதவு மூடாமலிருக்க ஒரு செங்கல்.
யார் வைத்தது என்று கேட்டால்
நானும் சேர்ந்து விசாரிப்பேன்.

அன்றைய பதிவு:
ஆண் ஐம்பத்திரண்டு, பெண் எழுபத்தொன்று,
பிள்ளைகள் பதினொன்று.
பதினொன்று தப்பு.
மூட்டை நகராது, இவர்கள் நகர்ந்தார்கள்.
தூணருகே ஒருதரம், தபித்தாள் மடியில் ஒருதரம்,
பீடத்துப் படியில் ஒற்றைச் செருப்போடு ஒருதரம்,
கெத்சியாவை மூன்று பேராக எண்ணியிருக்கிறேன்.

துறைமுகத்தில் இதற்கு மெமோ கொடுப்பார்கள்.
பேனாவை மூடினேன்.
திருத்தவில்லை.