அறுபது அடிக்குக் கீழே

காலையில் பேப்பர் வந்ததும்
மாதேஷ் முதலில் தேடுவது
மேட்டூர் நீர்மட்டத்தை.
எண் அறுபதுக்குக் கீழே இறங்கிய அன்று
பரணில் ஏறி
டென்டை இறக்கி
வாசலில் உதறுவார்.
போன வருஷத்து மணல் கொட்டும்.

பென்னாகரத்தில் டயருக்குக் காற்று.
ஏரியூரில் ஐஸ் கட்டி, தக்காளி, ஒரு கட்டு மெழுகுவத்தி.
அப்புறம் சீமைக்கருவேலத்துக்கு நடுவே
தார் தீர்ந்து, மண் ரோடும் தீர்ந்து
நாகமரையில் மணல் தொடங்கிவிடும்.
கண் கூசும் மணல். ஒரு நிழல் கிடையாது.
வெகு தூரத்தில், யாரோ மறந்துவைத்த தட்டுபோல
தண்ணீர்.

அணை ஊருக்குப் போயிருக்கிறது.
சாவி வாங்கிவந்தவர்கள்போல
அதன் வீட்டில்
வருஷத்துக்கு இரண்டு ராத்திரி தங்குகிறோம்.

"போன தடவை இங்கதான் அடுப்பு வச்சோம்"
என்று கனிஷ்கா காட்டிய இடத்தில்
ஒரு வருஷம் பரிசல் போய்க்கொண்டிருந்தது.
இன்னொரு வருஷம் எள் முளைத்திருந்தது,
காவலுக்கு ஒரு பழைய சட்டையோடு.

முளைக்குச்சியை மணல் பிடிக்காது.
மாதேஷ் அடிப்பார், அது சாயும்,
மறுபடி அடிப்பார்.
ராத்திரி பத்து மணிக்குமேல் காற்று வரும்.
நாலு மூலைக்கும் நாலு பேர் படுத்தால்தான்
அந்த வீடு நிற்கும்.
பாத்ரூம் போகச் சின்னவன் எழுந்தால்
அவன் மூலை பறக்கும்.
நான் காலை நீட்டி அதையும் மிதித்துக்கொள்வேன்.

பரிசல்காரர் பச்சையப்பன் தந்த ஜிலேபி மீன்
குழம்பில் நறநறவென்றது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
களியிலும் மணல்தான்.

இந்த முறை இரண்டாம் நாள் மத்தியானம்
நீடாமங்கலத்திலிருந்து அப்பா போன் செய்தார்.
"எங்கம்மா இருக்க?"
"டேமுக்கு வந்திருக்கோம்ப்பா."
"எவ்வளவு நிக்குது?"

அவருக்குத் தெரியும்.
அதே பேப்பர், அதே பக்கம், அதே கட்டம்.
மாதேஷ் பரணில் ஏறும் எண்ணைப் பார்த்துத்தான்
அவர் கண்ணாடியைக் கழற்றி
மேஜைமேல் வைப்பார்.
ஐம்பத்திரண்டு என்று நான் சொல்வதற்குள்
சின்னவன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"தாத்தா, இந்த வருஷம் பீச் ரொம்பப் பெருசு!
அக்கரைக்குப் போயி நந்திய பாத்தோம்.
முழுசா தெரியுது,
மடக்கி வச்சிருக்க காலுகூட."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்.
"காலுமாடா தெரியுது" என்றார்.
அப்புறம்,
"வெயில்ல ஆடாத."

மாதேஷிடம் இதை எப்படிச் சொல்வது?
அவர்கள் காட்டில் எண்ணூறு அடி போர்.
புகைதான் வந்தது.
பைப்பை உருவியெடுத்த குழிமேல் ஒரு கல் வைத்திருக்கிறார்கள்.
இந்த மாவட்டத்தின் ஓரமாக
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
சத்தமில்லாமல் நடந்துபோகிற ஆறு இது.
வற்றிய பிறகாவது
இரண்டு நாள் எங்களோடு இருக்கட்டும் என்கிறார் அவர்.
அதிலும் தப்பில்லை.

சாயங்காலம் கனிஷ்கா
தண்ணீரின் விளிம்பில் ஒரு குச்சி நட்டாள்.
விடிந்து பார்த்தால்
குச்சி இரண்டு விரல் ஆழத்தில் நின்றது.
"போச்சு, பீச் சின்னதாயிடுச்சு" என்று
பிள்ளைகள் முகம் சுளிக்க,
நான் அவசரமாகப் போட்டோ எடுத்து
அப்பாவுக்கு அனுப்பினேன்.
வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது:
காத்தா இருக்கும்மா.

டென்டை மடித்தபோது
ஒரு முளைக்குச்சி குறைந்தது.
மாதேஷ் முட்டிபோட்டு
முழங்கைவரை மணலுக்குள் துழாவினார்.

தேடாதீங்க, விடுங்க என்றேன்.
அது அங்கேயே கிடக்கட்டும்.
அதன்மேல்
அறுபது அடி நிற்கட்டும்.