ஈப்பே

தூத்துக்குடியில் இறங்கி லாரியில் வந்தது.
பிரேசில் சரக்கு, பேர் ஈப்பே
என்றார் ரதிலால் படேல்.
"பேர்லயே பேய் இருக்குல்ல"
என்றான் சங்கிலி மாட்டுகிற சோணை.
சிந்தாமணி ரோட்டு மில்லில் அன்றைக்கு
வேறு மரம் ஏறவில்லை.

முதல் பிளேடு பதினெட்டு நிமிஷம்.
தேக்கு என்றால் அரை நாள் ஓடியிருக்கும்.
இரண்டாவது பல் மழுங்கிக் கத்தியது.
மூன்றாவதைச் சாணை பிடித்துக்கொண்டே கேட்டேன்:
"இதை மரம்னு எந்த ஊர்ல சேட்டு சொன்னாங்க?"

ஆணி இறங்காது. துளை போட்டுத்தான் திருகு.
கறையான் அண்டாதாம்.
மழையில் ஐம்பது வருஷம் கிடக்குமாம்.
தீகூட யோசித்துத்தான் பிடிக்குமாம்.
எல்லாம் படேல் வீட்டு 'மாம்'.

நான் கண்டது ஒன்றுதான்.
முழ நீளத் துண்டைத் தண்ணீர் டிரம்மில் போட்டேன்.
மிதக்க நினைக்கவே இல்லை.
அடியில் டங் என்றது.
வைகையை எதிர்த்து ஏடு ஏறிய சீமை இது.
மூழ்கிய கட்டைக்கு யார் பதிகம் பாடுவார்?

அழகர்கோவில் ரோட்டில் புது ஓட்டல்.
நீச்சல் குளத்தைச் சுற்றித் தளம் போட
வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்காக
இத்தனை தூரம் கடல் தாண்டி வந்திருக்கிறது.

அறுக்க அறுக்க மஞ்சள் தூள்.
புருவத்தில், காதுமடலில், டீ கிளாஸில்.
பதினாறு தும்மல் வரை எண்ணினான் சோணை.

வில்லாபுரம் வீட்டில்
சட்டையைச் சலவைசோடாத் தண்ணீரில்
முக்கிவைத்த பேச்சி அலறினாள்.
வாளி முழுக்க ரத்தம்.
ஓடிவந்து என் கைகளைப் பிடித்து
விரல்களை எண்ணினாள்.
வலதில் அஞ்சு, இடதில் நாலு.
ஒன்பது. கணக்குச் சரி.
பத்தாவதைக் கோங்கு எடுத்துப் பதினோரு வருஷம்.

மறுபடி வாளியைப் பார்த்தாள்.
மோந்தாள். விரலால் ஒரு கலக்கு.
மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்தால்
இப்படித்தானே சிவக்கும், ஆலத்தட்டில்?
அந்த ஊர் மரத்துக்கு
யார் சொல்லிக்கொடுத்தது இதை?

தூக்கிப்போய் முச்சந்தியில் ஊற்றினாள்.
எதிர்வீட்டு மும்தாஜ் எட்டிப் பார்த்து
"என்னக்கா, ஆலமா? மாப்பிள்ளை யாரு?"
"பிரேசில்ல இருந்து ஒருத்தரு வந்திருக்காரு."

மில்லில் இன்னும் இருபத்தொரு தடி.
சட்டை வெளுக்கவில்லை.
நாளைக்கும் அதேதான்.